பத்து இருபதுக்கு வந்தவள்

காலை ஐந்து நாற்பதுக்கு ரயில் தஞ்சாவூரில் நின்றது. ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது நிலையத்தின் பெயர்ப்பலகை. மஞ்சள் பலகையில் மூன்று மொழிகளில் ஊர்ப்பெயர். இந்தி வரியின்மேல் தார் பூசியிருந்தார்கள். தார் காய்ந்த ஓரத்தில் நான்கு விரல்களின் அச்சு. பலகைக்குக் கீழே ஒருவர் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் பெட்டியோடு நடைமேடையைத் தாண்டிப் போகும்வரை அவர் மறுபடி துலக்கவில்லை.

இதை அன்று மதியமே நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதற்கு அடுத்த நோட்டு இல்லை. இந்தக் கட்டுரை இல்லாத நோட்டைப் பற்றியது.

எழுதச் சொன்னது, நான் ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் இளம் ஆசிரியை ஒருவர். பள்ளி மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் மலரை மறந்துவிட்டு வருகைப்பதிவைப் பற்றிப் புலம்பத் தொடங்கினார்.

"எல்லாம் செல்போன்ல போடணும் மிஸ். நேரம் தாண்டிட்டா பூட்டிக்குது. பஸ் லேட்டா வந்த பிள்ளை வாசல்ல நிக்கும், போன்ல ஆப்சென்ட்னு இருக்கும். உங்க காலத்துல எப்படி மிஸ் சமாளிச்சீங்க?"

"பென்சில்" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. நேரங்களை மாற்றவில்லை.

நான் அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் சோளச் சமவெளியில் பிறந்தவள். கல்லூரி முடித்து மூன்று ஆண்டுகள் ஒரு வாரப் பத்திரிகையில் இருந்தேன். நகரசபைக் கூட்டம், களஞ்சியத்தில் தீ, மரண அறிவிப்பு. அங்கிருந்த ஆசிரியர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டுதான். முதலில் நேரத்தை எழுது, பிறகு பார்த்ததை எழுது. அசல் குறிப்பை ஒருபோதும் திருத்தாதே, திரும்ப எழுதாதே. வழக்கு வந்தால் அது ஒன்றே உன் சாட்சி. பிறகு ஆசிரியப் பயிற்சி, திருச்சபையின் அழைப்பு, கொடைக்கானலில் பதினோரு மாதம் தமிழ். ஏன் வந்தேன் என்று கேட்டவர்களுக்கு இத்தனை ஆண்டுகளில் ஏழெட்டுப் பதில்கள் சொல்லியிருக்கிறேன். எதுவும் பொய்யில்லை.

பள்ளி நன்னிலத்துக்குக் கிழக்கே ஐந்து மைலில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், முன்னால் சாலை, பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் கண் போகிற தூரம்வரை நெல். மாநிலத்தில் ஆட்சி மாறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் தமிழ் ஐயா கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தார். தலைமையாசிரியர் ஞானமுத்து எந்தக் கரையும் இல்லாத வேட்டியும் சித்திரை வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கோட்டும் அணிவார்.

ஞானமுத்து சார் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. முடியாது என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் என்றால் இரண்டு கண்ணாடியையும் தனித்தனியாக நீண்ட நேரம் துடைப்பார். அவருடைய மேசைக்கடியில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் பள்ளியின் வட்ட முத்திரை. சாவி எப்போதும் அவருடைய இடுப்புக் கயிற்றிலேயே இருக்கும். எந்தக் காகிதம் பள்ளியைவிட்டு வெளியே போனாலும் அசல் போகாது. கையால் நகல் எடுக்கச் சொல்வார், அசலோடு ஒரு சொல் விடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பார், கீழே 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். என் சான்றிதழ்களையும் அப்படித்தான் நகலெடுத்துவிட்டு முதல் நாளே என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அசல் வெளிய போகக் கூடாது மிஸ். போயிட்டா அது போன எடத்துக் கதையைத்தான் சொல்லும். நம்ம கதையைச் சொல்லாது."

எனக்கு அது அலுவலகச் சடங்காகத் தோன்றியது. எங்கள் பத்திரிகையில் நகலுக்கு மதிப்பே இல்லை.

வருகைப்பதிவிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பத்து மணிக்குப் பெயர் வாசிக்கும்போது ஆசிரியர்கள் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார்கள். இரண்டாம் பாடவேளை முடியும்போது வகுப்பை ஒருமுறை பார்த்துவிட்டுப் புள்ளியின்மேல் மை போடுவார்கள். நான் முதல் வாரத்திலிருந்தே பத்து மணிக்கு மை போட்டேன். அப்போது வராதவர்கள், விதிப்படி, முற்பகல் முழுவதும் வராதவர்கள்.

அவர் என் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "மை போட்டுட்டீங்களா?" என்றார்.

"பத்து மணிக்கு யார் இருந்தார்களோ அதுதானே சார் உண்மை?"

கண்ணாடியைக் கழற்றினார். "மூணு மைல் வாய்க்கால் கரையில வர்ற பிள்ளைக்கு நம்ம மணிச் சத்தம் கேக்காது மிஸ். பாத்துக்கங்க" என்றார். நான் மையைத்தான் தொடர்ந்தேன்.

தனிமை என்றால் ஆளில்லாத இடம் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஆளில்லாத நேரமே கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த இரண்டறை வீட்டின் ஜன்னலில் எப்போதும் யாராவது நிற்பார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நான்கு கேள்விகள் கேட்பார்: கல்யாணம் ஆச்சா, சம்பளம் எவ்வளவு, சோறு ஒத்துக்குதா, எப்ப ஊருக்குத் திரும்பிப் போவீங்க. நான்குக்கும் பதில் சொன்ன பிறகு பேச்சு நின்றுவிடும். அடுத்த நிறுத்தத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து தொடங்குவார்.

கல்யாண வீடுகளில் பந்தி தரையில் நடக்கும். எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு நாற்காலியும் மேசையும் வரும். எல்லோருக்கும் இலை, எனக்குப் பீங்கான் தட்டு, பக்கத்தில் ஒரு கோலி சோடா. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். தரையில் உட்காருகிறேன் என்று சொன்னால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். அவரைப் பொறுத்தவரை நாற்காலி கிடைக்காத வீடு என்று பெயர் வாங்குவது அவமானம். மரியாதைக்கு எதிராக வாதாட எனக்குத் தமிழ் போதவில்லை. இரண்டு ஆண்டுகளில் பதினெட்டு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பதினெட்டிலும் நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து நான்குவரைதான் கடினம். ஊரே தூங்கும். அம்மாவின் கடிதம் வர மூன்று வாரம் ஆகும்; அதில் விசாரித்திருக்கும் காய்ச்சல் எனக்கு எப்போதோ தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் நோட்டில் எழுதுவேன். பார்த்தது, கேட்டது, சாப்பிட்டது, யார் எப்படி உட்கார்ந்தார்கள், எல்லாம். சமையலுக்கு வரும் எஸ்தரம்மா கதவோரம் நின்று பார்ப்பார்.

"பேச ஆளில்லேன்னா பேப்பருகிட்டயா பேசுவாங்க? எங்க ஊருல சாமிகிட்ட பேசுவோம். இல்லாட்டி ஆட்டுகிட்ட பேசுவோம்."

"ஆடு பதில் சொல்லுமா?"

"பேப்பரு சொல்லுதா?"

சிவகாமி பதினொன்றாம் வகுப்பு. அப்போது அதுதான் பள்ளியிறுதி. மூன்று மைல் தள்ளி, பண்ணையில் கூலிவேலை செய்பவர்களின் தெருவிலிருந்து வந்தாள். அந்தத் தெருவில் பள்ளியிறுதித் தேர்வுவரை வந்த முதல் ஆள் அவள்தான். தெருவுக்கு வேண்டிய மனுக்களை எல்லாம் அவள்தான் எழுதுவாள். கூலி நெல்லை உயர்த்தக் கேட்கும் மனு, சாலை கேட்கும் மனு. கையெழுத்து அச்சுப்போல இருக்கும். வந்த முதல் மாதமே நான்கு கேள்விகளில் சேராத ஒன்றை அவள் கேட்டாள்.

"மிஸ், உங்க ஊர்ல கூலிய யாரு முடிவு பண்ணுவாங்க? குடுக்குறவங்களா, வாங்குறவங்களா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தமிழில் சொல்லிமுடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவள் சாப்பாட்டு மணியையும் விட்டுவிட்டுக் கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள்.

"அம்மா உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஆனா நாற்காலி இல்ல மிஸ். பரவாயில்லையா?"

வாய்க்கால் கரை வழியாக அவளுடன் நடந்தேன். வீட்டு வாசலில் சாணி மெழுகிய தரையில் ஒரே ஒரு கோரைப்பாய். நான் ஒரு முனையில், சிவகாமி நடுவில், மறுமுனையில் அவளுடைய தாய்மாமா. தோளில் சிவப்புத் துண்டு, இடது புருவத்தின்மேல் ஒரு தழும்பு. சோறும் வயல்நண்டுக் குழம்பும். நான் நண்டை என்ன செய்வது என்று தெரியாமல் கரண்டி கேட்டேன்.

"கரண்டிக்கெல்லாம் நண்டு மசியாதுங்க டீச்சரம்மா" என்றார் மாமா. "கடிச்சு உறிஞ்சுங்க. நண்டு என்ன உங்களைத் திருப்பியா கடிக்கப் போவுது, அது செத்து ஒரு மணி நேரம் ஆச்சு."

சிவகாமியின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் கடித்தேன். ஓடு உதட்டைக் கீறியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யாரும் நின்று பார்க்கவில்லை. அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

பத்திரிகைப் பழக்கத்தில், "இவர் தினமும் இங்கேதான் சாப்பிடுவாரா?" என்று கேட்டேன்.

"செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாயிற நேரத்துக்கு வரும்" என்றார் அம்மா. "மத்த நாள்ல எங்கே திங்கிறோம்னு அதுக்கே தெரியாது." மறுபடி சிரிப்பு.

வீட்டுக்குத் திரும்பியதும் எழுதினேன். வரி வரியாக நினைவிருக்கிறது: 'மாலை 6.10. சிவகாமி வீடு. ஒரே பாய். பக்கத்தில் அவள் மாமா. சிவப்புத் துண்டு, இடது புருவத்தில் தழும்பு. நண்டு. செவ்வாய், வெள்ளி மாலைகளில் வருவாராம். இந்த நாட்டில் முதல்முறையாக மற்றவர்களோடு சாப்பிட்டேன்.' கடைசி வரியின் கீழ் கோடு போட்டேன். நோட்டில் எதற்கும் நான் கோடு போடுவதில்லை.

அவர் செங்கொடிச் சங்கத்தில் முன்னால் நிற்பவர் என்பதோ, ஒரு வைக்கோல்போர் எரிந்த வழக்கில் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது என்பதோ எனக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை அதே பாயில் உட்காரவைத்தார்கள்.

தை மாதம் சம்பா அறுவடை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு உள்ளூர் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். சாலையில் ஒருபக்கம் சிவப்புக்கொடி, மறுபக்கம் பண்ணைக்காரர்களின் கம்பு. வகுப்பில் பாதி காலியாக இருந்தது. நான் தினமும் பத்து மணிக்கு மை போட்டேன்.

ஒரு புதன்கிழமை சிவகாமி பத்து இருபதுக்கு வந்தாள். முழங்கால்வரை சேறு, பாவாடையைப் பிழிந்துவிட்டு வாசலில் நின்றாள்.

"ரோட்ல விடமாட்டேங்குறாங்க மிஸ். கரையோட வந்தேன். கரையும் ஒரு எடத்துல உடைஞ்சு கெடக்கு."

உட்காரச் சொன்னேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே மை காய்ந்திருந்தது. நோட்டில் மட்டும் எழுதினேன்: '10.20. சிவகாமி. முழங்கால்வரை சேறு. சாலை மறிப்பு.'

அதே காலை, பத்து மணிக்கு, அவள் தெருவுக்கு அந்தப்பக்கம் உள்ள வயலில் பெண்கள் இறங்கி வெளியூர் ஆட்களை அறுக்கவிடாமல் மறித்தார்கள். தள்ளுமுள்ளில் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரருக்குக் கையில் வெட்டு விழுந்தது. யார் அரிவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் போலீசில் பத்துப் பெண்களின் பெயர் கொடுத்தார். ஆறாவது பெயர் சிவகாமி. மனு எழுதுகிற கை என்பதால் அவள் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும்.

வயலிலிருந்து பள்ளிக்கு நான்கு மைல். பத்து மணிக்கு வயலில் நின்றவள் பத்து இருபதுக்குப் பள்ளியில் நிற்க முடியாது. இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அவளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால் தேர்வு இல்லை. அந்த வீட்டில் அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது, கல்யாணம்தான்.

வியாழன் காலை சப்-இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல ஆங்கிலம் பேசினார். ஞானமுத்து சாருக்காகத் தமிழுக்கு மாறினார். பதிவேட்டைக் கேட்டார். சார் அந்தப் பக்கத்தை எழுத்தரைக்கொண்டு நகலெடுத்து, ஒப்பிட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிவகாமியின் பெயரில் விரலை வைத்தார்.

"ஆப்சென்ட்."

"அவள் பத்து இருபதுக்கு வந்தாள்" என்றேன். "நான் பார்த்தேன்."

"ஆப்சென்ட் போட்டது யாரு மேடம்?"

"நான்தான்."

"அப்ப எது நெஜம்? எழுதினதா, சொல்றதா?"

"இரண்டும்."

அவர் புன்னகைத்தார். மரியாதையான புன்னகைதான். "கோர்ட்ல ரெண்டு நெஜம் செல்லாது மேடம். எழுத்துல வேற ஏதாவது இருந்தா சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. ஆறு மணிக்கு லிஸ்ட்டு போயிடும்."

அவர் போன பிறகு ஞானமுத்து சாரிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஒரு வரியை மட்டும் ஒரு தாள்ல எழுதுங்க மிஸ். நான் அசலைப் பாத்தேன், உண்மை நகல்னு கையெழுத்துப் போட்டு சீல் வச்சுத் தர்றேன். நோட்டு உங்க வீட்டை விட்டு வெளிய போக வேண்டாம்."

"நகலை நம்புவாரா சார்? நேற்றே எழுதியது என்று எப்படித் தெரியும்? அசலில் முன்னும் பின்னும் தேதிகள் இருக்கின்றன. இடையில் செருக முடியாது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்."

"என் சீலை நம்புவாங்க."

"பதிவேட்டு நகலிலும் உங்கள் சீல்தான் இருக்கிறது. அது அவள் வரவில்லை என்கிறது."

அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மற்றதை. பிறகு, "நோட்டுல வேற என்னென்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"தினசரி விஷயங்கள்தான் சார். ஒன்றுமில்லை."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பாயும் நண்டும் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. அது என் சொந்தச் சந்தோஷம். போலீசுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மாலை நான்கு இருபதுக்கு சைக்கிளில் கிளம்பினேன். ஐந்து ஐந்துக்குக் காவல் நிலையத்தில் இருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் புதன்கிழமைப் பக்கத்தைப் படித்தார். முன்பக்கம், பின்பக்கம் புரட்டினார். தலையசைத்தார். பட்டியலை எடுத்து, ஆறாவது பெயரை என் கண்முன் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

"நோட்டு இங்கே இருக்கட்டும் மேடம். ஆதாரம்."

ரசீது கொடுத்தார்: நீல அட்டை நோட்டு ஒன்று, எழுதிய பக்கங்கள் எழுபத்தொன்று. முறைப்படி நடந்துகொள்கிறார் என்று எனக்குத் திருப்தி. திரும்பும் வழியில் சிவகாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகாலுக்கு மாமாவை அதே வாசலில், தட்டின் முன்னால், பிடித்தார்கள்.

புதன் காலை எஸ்தரம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றார்.

"சிவப்புத் துண்டு, புருவத்துல தழும்பு, செவ்வாய் வெள்ளி, எல்லாம் டீச்சரம்மா நோட்டுல இருக்குன்னு எஸ்.ஐ. சிவகாமியோட அம்மாகிட்டயே சொன்னாராம். கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னும் சொன்னாராம்."

நான் மேசை இழுப்பறையில் ரசீதைத் தேடினேன்.

"டீக்கடையில உங்களை உளவுன்னு பேசிக்கிறாங்க. நான் இல்லேன்னேன். உளவு பாக்குறவங்க நோட்டைத் தூக்கி நேரா போலீஸ்காரன் கையில குடுப்பாங்களா, இது வெவரம் பத்தாததுன்னேன்."

எனக்காக ஊரில் பேசிய ஒரே ஆள் அவர். ரசீதை எடுத்துக்கொண்டு அன்றே நிலையத்துக்குப் போனேன். நோட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த வரியை நான் சாட்சியாகச் சொல்லவில்லை, சாப்பிட்டதைத்தான் எழுதினேன் என்று விளக்கினேன். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க கோடு போட்டிருந்தீங்களே மேடம்" என்றார்.

எழுபத்தொரு பக்கங்களில் ஆசிரியர் அறையும் இருந்தது. நிலையத்திலிருந்து வரி வரியாக ஊருக்குள் வந்தது. கணக்கு ஆசிரியர் அருளப்பன் மூன்றாம் பாடவேளையில் கண்ணாடியோடு தூங்குவார் என்று எழுதியிருந்தேன். அவர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

"மிஸ், இன்னிக்குக் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுத்தான் தூங்கினேன். மணி பதினொன்னு அம்பது. குறிச்சுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் அந்த ஆண்டு ஆசிரியர் அறையில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு. அதன்பின் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறும். தமிழ் ஐயா என் பக்கத்தில் இருந்த தன் இருக்கையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார், வெளிச்சத்துக்காக என்றார். பஸ்ஸில் மட்டும் நான்கு கேள்விகள் மாறாமல் வந்தன. இப்போது அவற்றுக்காகக் காத்திருந்தேன்.

ஞானமுத்து சார் 'அன்றே சொன்னேனே' என்று ஒருநாளும் சொல்லவில்லை. மாமா பிடிபட்ட மறுநாள் காலை என் வகுப்பு மேசையில், பதிவேட்டின்மேல், புதிதாகச் சீவிய பென்சில் ஒன்று இருந்தது. பத்து மணிக்குப் புள்ளி வைத்தேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் வைத்தேன்.

நகலைக் கொடுத்திருந்தால் சப்-இன்ஸ்பெக்டர் ஏற்றிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஏற்காமலும் இருந்திருக்கலாம். தனியாக இருந்த பல ஞாயிறுகளில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை.

சிவகாமி வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. பத்து மணிக்கு முன்பே வந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள்; கேள்வி எதுவும் கேட்கவில்லை. பங்குனியில் தேர்வு எழுதினாள். ஜூனில் முடிவு வந்தது. தேறியிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் வந்து மதிப்பெண் புத்தகத்தை வாங்கிப்போனார்கள். அவளுடையது மட்டும் பத்து நாள் அலமாரியில் கிடந்தது.

ஞானமுத்து சார் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க மிஸ்."

"அசல் வெளியே போகக் கூடாதே சார்?"

"இது அவ அசல்."

கரை வழியாக நடந்தேன். வாய்க்கால் வறண்டு கிடந்தது. மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. மாலை ஐந்து முப்பதுக்குத் தெருவில் நுழைந்தேன். சிவகாமியின் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க டீச்சரம்மா. செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் சாலைப் பக்கம் வேகமாக நடந்தார்.

பாய் சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்தது.

சிவகாமி வெளியே வந்தாள். புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். பெற்றுக்கொண்டதற்கான தாளில் கையெழுத்திட்டாள். அச்சுப்போல அதே எழுத்து.

"மாமா எப்படி இருக்கிறார்?"

"திருச்சி ஜெயில்ல இருக்காங்க மிஸ்."

"பார்க்கப் போனாயா?"

"அம்மா போனாங்க."

"மேலே படிக்கப் போகிறாயா?"

"டீச்சர் ட்ரெயினிங் சேரலாம்னு இருக்கேன் மிஸ்." புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இதையும் எழுதிக்குவீங்களா மிஸ்?"

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்தார். தலையில் ஒரு மர நாற்காலி. முதுகுப்பலகையில் ரேஷன் கடையின் எண் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதை வாசல் நடுவில் இறக்கிவைத்தார். சிவகாமியின் அம்மா முந்தானையால் துடைத்தார்.

"உக்காருங்க டீச்சரம்மா."

நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் நின்றார்கள்.